திருமயம் கோட்டையில் விடுபட்டவர்

தங்கச்சிமடம்
13.1.2025

அன்பான அக்காவுக்கு,

வேன் மைக்கின் நுனியில் மாட்டியிருக்கும் கறுப்புப் பஞ்சு ஒரு பக்கம் மட்டும் நைந்து போயிருக்கிறது. வேலைக்குப் போன அன்று நான் முதலில் கவனித்தது அதைத்தான். ஆட்களின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்ததால் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆமாம், நான் வேலைக்குப் போகிறேன். நீ எப்படி இருக்கிறாய்? மலைக் குளிரில் உன் இழுப்பு தொந்தரவு செய்கிறதா? இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி. அய்யா கடலுக்குப் போய் வருகிறார். மற்றபடி நலம்தான்.

அம்மாவிடம் கருவாடு வாங்க வருவாரே, இராமநாதபுரம் கேணிக்கரை நஸீரா, எல்லோரும் லாத்தா என்று கூப்பிடுவார்களே, அவர் டூர் வேன் நடத்துகிறார். "வீட்ல சும்மாதான கெடக்கா, எங்கூட அனுப்புங்க அற்புதம்மா" என்று கேட்டு என்னைச் சேர்த்துக்கொண்டார். சனி, ஞாயிறு இரண்டு நாள் டூர். இராமேஸ்வரம் லாட்ஜ்களில் ஆட்களை ஏற்றுவோம். பாம்பன் பாலம், இராமநாதபுரம் அரண்மனை, தேவிபட்டினம் பார்த்துவிட்டு இரவு காரைக்குடியில் தங்கல். மறுநாள் செட்டிநாட்டு வீடுகளும் திருமயம் கோட்டையும். தண்ணீர் பாட்டில் கொடுப்பது, வாந்தி வருகிறவர்களுக்குக் கவர் நீட்டுவது, லிஸ்ட்டில் பெயருக்கு நேராக டிக் போடுவது, இவைதான் என் வேலை.

பேசுவது ஜெயபால் அண்ணன். பாம்பன்காரர். கடலில் போனால் தலைசுற்றும் என்பதால் கைடு ஆனவர். அரண்மனைக்கு இருபது நிமிடம்தான் ஒதுக்குகிறார்கள். அதில் பதினைந்து நிமிடம் அவர் சுரங்கத்தைப் பற்றியே சொல்கிறார். "இங்கன இறங்குனா திருமயத்துலதான் ஏறணும். சேதுபதி குதிரையிலயே போவாக, வருவாக." நானும் மூலைமூலையாகத் தேடிவிட்டேன், ஒரு பொந்துகூட இல்லை. சுவர் முழுக்க முன்னூறு வருடத்துப் படங்கள் இருக்கின்றன. சேதுபதியும் மராட்டியரும் போடும் சண்டை ஒரு சுவரில் அப்படியே இருக்கிறது. ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

லாத்தா சொல்லியிருக்கிறார்: "ஈஸ்டருக்குள்ள ஏதாவது ஒரு எடத்துல மைக்கப் புடிச்சுப் பேசிக் காட்டு. ரெண்டாவது வேன் வாங்கையில நீதான் கைடு. இல்லாட்டி கடைசி வரைக்கும் தண்ணி பாட்டில்தான்." எனக்கு அந்த வேலை வேண்டும் அக்கா. வேறு எதையும் நான் இப்படிக் கேட்டதில்லை.

ஆனால் என்னைப் பற்றி உனக்குத் தெரியாதா? பதினொன்றாம் வகுப்பில் எழுந்து நின்று பெயரைச் சொல்லச் சொன்ன அன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நீ கன்னியாஸ்திரி ஆகப் போகும்வரைக்கும் கடைக்காரரிடம், டீச்சரிடம், ஃபாதரிடம்கூட எனக்காக நீதான் பேசினாய். அரண்மனையில் என்ன பேசலாம் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பு. மனப்பாடம் செய்துவிடுகிறேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்
பிரெசில்லா

*

நவதுறவு இல்லம், சிறுமலை அடிவாரம்
2.2.2025

என் பிரெசிக்கு,

ஆண்டவர் உன்னையும் வீட்டில் எல்லோரையும் காப்பாராக. இழுப்பு பரவாயில்லை. அம்மாவை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

உன் கடிதம் சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும்தான் நாங்கள் எழுதலாம், அதுவும் ஒரே கடிதம். வருவதையும் போவதையும் பொறுப்புச் சிஸ்டர் படித்துவிட்டுத்தான் தருவார். அதனால் 'ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது' என்று நீ எழுதியதை அவரும் படித்துச் சிரித்தார்.

எனக்கு இந்த மாதம் சாப்பாட்டு அறை முறை. பதினெட்டுப் பேருக்குத் தட்டு வைக்க வேண்டும். முதல் நாளே பத்தொன்பது வைத்துவிட்டேன். மறுநாளும் பத்தொன்பது. "யாருக்கும்மா இந்தத் தட்டு, பிஷப் வாராரா?" என்று கேட்டுக் கேலி செய்தார்கள். மூன்றாம் நாள்தான் எனக்கே புரிந்தது. அம்மா கருவாடு எண்ணுவது போல எண்ணியிருக்கிறேன். முதல் மீனை 'லாபம்' என்று சொல்லித் தள்ளிவிட்டு, அடுத்த மீனிலிருந்துதான் ஒன்று, இரண்டு என்று அம்மா தொடங்குவாள். நூறு கேட்டவருக்கு நூற்றொன்று போகும். என் கையும் முதல் தட்டை லாபமாக வைத்துவிட்டு அடுத்ததிலிருந்து எண்ணுகிறது. இப்போது சத்தமாக ஒன்று என்று சொல்லித் தொடங்குகிறேன்.

அரண்மனையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? எட்டாம் வகுப்பில் கூட்டிப்போனபோது நான் ஐஸ் வாங்கப் போய்விட்டேன். நிமிர்ந்து நில், அருள்நிறை மரியே சொல்லிவிட்டுப் பேச ஆரம்பி. பயம் போய்விடும்.

இங்கே மீன் கிடையாது. காரல் குழம்பு வைத்தால் என்னை நினைத்துக்கொள்.

அன்புடன்
சலேத்

*

தங்கச்சிமடம்
11.2.2025

அன்பான அக்காவுக்கு,

உன் உடம்பு தேவலையா? அம்மாவுக்கு ஒத்தடம் கொடுக்கிறோம். காரல் குழம்பு வைத்தோம், உன்னை நினைக்கவில்லை, ஏனென்றால் உன்மேல் கோபமாக இருந்தேன்.

இருபத்திரண்டு நாள் காத்திருந்து இரண்டு பக்கம் கேட்டதற்கு ஒரு வரி அனுப்பியிருக்கிறாய். நிமிர்ந்து நில் என்று. நிமிர்ந்து நிற்பதா கஷ்டம்? வாய் திறப்பதுதான் கஷ்டம்.

தட்டுக் கதையைப் படித்து அம்மா சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "புள்ளைக்கு என் கை அப்படியே வந்துருக்கு" என்றாள். எனக்கும்தான் வந்திருக்கிறது. நேற்றுகூட ஒரு கூடைக் கருவாட்டை அப்படித்தான் எண்ணிப் போட்டேன்.

எட்டாம் தேதி சனிக்கிழமை அரண்மனையில் ஜெயபால் அண்ணன் டீ குடிக்கப் போனார். மராட்டியர் சண்டைப் படத்துக்குக் கீழே ஒரு அம்மா தன் மகளிடம் "இது என்ன படம்டி?" என்று கேட்டார். நான் ஒரு முழம் தள்ளித்தான் நின்றேன். எனக்குத் தெரியும். அங்கே வைத்திருக்கும் பலகையை மூன்று வாரமாகப் படித்து வைத்திருக்கிறேன். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்து, "பாவம், ஊமைப்புள்ள போலருக்கு" என்று சொல்லி ஒரு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன் அக்கா. வாங்கிக்கொண்டு தலையாட்டினேன். அந்த இரண்டு நாளும் அந்த அம்மா முன்னால் ஊமையாகவே இருந்தேன்.

டிரைவர் சோணைமுத்து அண்ணன் வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தார். "ஏ ஊமை, ஆரனையாவது அடி, ஒன் பங்குக்கு ஒரு சத்தம் வரட்டும்" என்றார்.

இந்தத் தடவையாவது எழுதி அனுப்பு. ஈஸ்டருக்கு அதிக நாள் இல்லை.

பிரெசில்லா

*

நவதுறவு இல்லம்
2.3.2025

என் பிரெசிக்கு,

நலம், நலமறிய ஆவல். இது சின்னக் கடிதம்தான். புதன்கிழமை சாம்பல் புதன். தவக்காலம் முழுவதும் கடிதம் எழுதவும் கூடாது, வாங்கவும் கூடாது. நீ எழுதினால் இங்கே பெட்டியில் இருக்கும். பாஸ்கா முடிந்ததும் சேர்த்துத் தருவார்கள்.

நீ கேட்டதை எழுத உட்கார்ந்தேன். "அனைவருக்கும் வணக்கம்" என்று எழுதினேன். அதற்குமேல் வரவில்லை. இங்கே வந்த பிறகு எனக்கும் பேச்சு குறைந்துவிட்டது. அது நல்லதுதான் என்கிறார்கள்.

மன்னித்துக்கொள். அய்யாவைத் தலைமூடிக் கடலுக்குப் போகச் சொல்.

சலேத்

*

தங்கச்சிமடம்
18.3.2025

அன்பான அக்காவுக்கு,

இதை நீ ஈஸ்டருக்குப் பிறகுதான் படிப்பாய் என்று தெரியும். உடம்பைப் பார்த்துக்கொள். நாங்கள் நலம்.

ஞாயிற்றுக்கிழமை திருமயத்தில் ஒரு பெரிய தப்பு நடந்துவிட்டது.

அன்று லிஸ்ட் உதவவில்லை. எங்களோடு வந்த ஒரு பெரிய குடும்பம் காரைக்குடியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனது. அதில் சிலர் மட்டும் திரும்பி வந்து ஏறிக்கொண்டார்கள். யார் போனார்கள், யார் வந்தார்கள் என்பதே குழப்பம். அதனால் காலையில் லாட்ஜ் வாசலில் தலை எண்ணப்பட்டது. இருபத்தேழு.

கோட்டையில் பாறைக்கு நடுவில் ஒரு குகைக்கோயில் இருக்கிறது, இரும்பு ஏணியில் ஏற வேண்டும். அங்கே வைத்து ஜெயபால் அண்ணன் கைமைக்கை என் கையில் திணித்தார். "இன்னைக்கு நம்ம பிரெசில்லா மேடம் பேசுவாக. லாத்தாவோட அடுத்த கைடு. கை தட்டுங்க!" எல்லோரும் தட்டினார்கள். மைக்கில் என் மூச்சு மட்டும் புஸ்புஸ் என்று கேட்டது. ஒரு சின்னப் பையன் "பாம்பு சீறுது" என்றான். சிரிப்பு அடங்கவே இல்லை. "இவுகளுக்குத்தான் ரெண்டாவது வேனு" என்றார் அவர். மைக்கை அங்கேயே வைத்துவிட்டு இறங்கி ஓடி, வேனில் கடைசி சீட்டில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அதனால் புறப்படும்போது அவர்தான் எண்ணினார். இருபத்தேழு சரியாக இருக்கிறது என்று வண்டியை எடுக்கச் சொன்னார்.

காரைக்குடியில் சாப்பிட இறங்கும்போதுதான் டிரைவருக்குப் பின்னால் உள்ள ஒற்றை சீட்டில் ஒரு கைப்பை மட்டும் இருந்தது. கும்பகோணத்திலிருந்து தனியாக வந்திருந்த கோமதி டீச்சருடையது. போனும் மாத்திரையும் பைக்குள் இருந்தன. திரும்பிப் போனோம். கோட்டை உச்சியில் பீரங்கி மேடை நிழலில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் பிடித்துக்கொண்டு இறங்க முடியவில்லை. உதடு வெடித்திருந்தது. "என்னை எண்ணலையாப்பா?" என்று ஜெயபால் அண்ணனைக் கேட்டுவிட்டு மயங்கிவிட்டார். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்தார்கள். இப்போது தேறிவிட்டார். ஆனால் அவருடைய மகன் ஜெயபால் அண்ணனின் போட்டோவைப் போட்டு நெட்டில் எழுதிவிட்டார்.

லாத்தா நேற்று அவரை நிறுத்திவிட்டார். "ஒரு பொம்பளைய வெயில்ல விட்டுட்டு வந்துருக்கிய, எண்ணத் தெரியாதா ஒங்களுக்கு?" என்று கேட்டார். அவர் தலைகுனிந்து, "இருவத்தேழுதான் லாத்தா எண்ணுனேன். எப்புடிப் பிசகுச்சுன்னு தெரியல" என்றார்.

நான் அங்கேதான் நின்றேன். வேறு விசேஷம் இல்லை.

பிரெசில்லா

*

தங்கச்சிமடம்
7.4.2025

அன்பான அக்காவுக்கு,

பெட்டியில் கிடக்கப்போகிற இரண்டாவது கடிதம் இது. பாஸ்கா வாழ்த்தையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் பேசிவிட்டேன். ஜெயபால் அண்ணன் போனதும் வேறு ஆள் கிடைக்கவில்லை. "நீ பேசுறியா, இல்ல வேன நிறுத்திப்புடவா?" என்று கேட்டார் லாத்தா. சனிக்கிழமை காலை மைக் வயரை இழுத்துக்கொண்டு கடைசி சீட்டுக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் பின்னந்தலைகள்தான் தெரியும், ஒரு முகமும் தெரியாது. பேச்சு வந்தது. பாம்பனிலிருந்து இராமநாதபுரம் வரைக்கும் வந்துகொண்டே இருந்தது. அரண்மனையிலும் எல்லோரையும் சுவரைப் பார்க்க நிற்கவைத்துவிட்டு அவர்களுக்குப் பின்னால் நின்று பேசுகிறேன். படங்களுக்கு இப்போது அரைமணி நேரம்.

ஆனால் அதிலும் நிம்மதி இல்லை. முன்பு ஒருமுறை வந்துபோன சிவகாசிக்காரர் ஒருவர், "சுரங்கத்தக் காட்டும்மா" என்று பிடித்துக்கொண்டார். அப்படி ஒன்று இல்லை என்றேன். "போன தடவ இருந்துச்சே! நீ புதுசு, ஒனக்குத் தெரியல" என்றார். அப்புறம் நான் சொன்ன எதையும் அவர் நம்பவில்லை. இல்லாத சுரங்கத்தைக் காட்டியவரை நம்புகிறார்கள், உள்ளதைச் சொல்லும் என்னை நம்பவில்லை.

ஜெயபால் அண்ணன் பாம்பன் ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிறார். போன வாரம் பஸ்ஸில் பார்த்தேன். புதுக் கண்ணாடி போட்டிருந்தார். கண் முகாமில் காட்டினாராம். "பார்வை நல்லாத்தான் இருக்குன்னாக. நாந்தான் விடாம கேட்டு ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுருக்கேன். நல்லாருந்தா அந்தம்மா எப்புடித் தப்பும்?" என்றார். பிறகு, "என்னா கைடம்மா, சுரங்கத்த மூடிட்டியாமே?" என்று கேட்டுச் சிரித்தார். நான் என் ஸ்டாப் வருவதற்கு முன்பே இறங்கிவிட்டேன்.

உனக்கு அங்கே வெயில் உண்டா?

பிரெசில்லா

*

நவதுறவு இல்லம்
21.4.2025

என் பிரெசிக்கு,

உயிர்த்த ஆண்டவரின் மகிழ்ச்சி உன் வீட்டில் தங்கட்டும். பாஸ்காவுக்காக இன்று எழுத அனுமதி தந்திருக்கிறார்கள்.

இரண்டு கடிதங்களையும் நேற்று சேர்த்துப் படித்தேன். நீ பேசியதைப் படித்துவிட்டுத் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் வீட்டில் யாருக்கோ சுகமில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

பிறகு முதல் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். ஒரே ஒரு கேள்வி. அன்று காலை காரைக்குடி லாட்ஜ் வாசலில் தலை எண்ணியது யார்?

இங்கே இப்போது சரியாகப் பதினெட்டுத் தட்டுதான் வைக்கிறேன்.

சலேத்

*

தங்கச்சிமடம்
5.5.2025

அன்பான அக்காவுக்கு,

நலம்தானே? இங்கே வெயில் கொளுத்துகிறது. தடைக்காலம் தொடங்கிவிட்டது, ஜூன் பாதி வரைக்கும் விசைப்படகு எதுவும் போகாது. அய்யா வலை பின்னுகிறார். பின்னும்போது எல்லோரையும் திட்டுகிறார். புதுப் பாலத்தில் ரயில் ஓடுகிறது, வேனில் வருகிறவர்கள் அதைப் பார்க்கத்தான் அவசரப்படுகிறார்கள்.

லீவு என்பதால் கூட்டம் அதிகம். தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கும் நவக்கிரகத்தைச் சுற்ற இறங்கிய ஒருவர் செருப்பைத் தண்ணீரில் விட்டுவிட்டு நான்தான் பொறுப்பு என்று சண்டை போட்டார். செட்டிநாட்டு வீட்டில் ஒரு பெண் தூணைக் கட்டிப்பிடித்து நாற்பது போட்டோ எடுத்தாள். அவள் முடிப்பதற்குள் கோட்டைக்கான நேரம் போய்விட்டது. லாத்தா இரண்டாவது வேனுக்கு முன்பணம் கட்டிவிட்டார்.

ஐஸ் கம்பெனி மூடிக் கிடக்கிறது. படகு போகாவிட்டால் ஐஸ் யாருக்கு வேண்டும்? ஜெயபால் அண்ணன் மனைவி கிறிஸ்டினா அக்கா வீட்டில் இட்லி விற்கிறார். அம்மா அங்கேதான் வாங்குகிறாள். நான் சாப்பிடுவதில்லை.

நீ கேட்காமலே இவ்வளவும் எழுதியிருக்கிறேன். போதும் அல்லவா?

பிரெசில்லா

*

நவதுறவு இல்லம்
1.6.2025

என் பிரெசிக்கு,

எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். எனக்கு ஒரு வாரமாக இழுப்பு, இப்போது குறைந்திருக்கிறது.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. எழுதாததே எனக்குப் பதில்தான். உன்னைத் திட்ட எனக்குத் தோன்றவில்லை. ஆட்கள் முன்னால் உனக்குப் பேச்சு வராது, எனக்குத் தெரியும்.

நீ ஒன்றும் செய்ய வேண்டாம். அம்மாவுக்கு நான் தனியாக எழுதுகிறேன். நம் வீட்டு எண்ணும் முறையால் வந்த பிசகு, பிள்ளை தெரியாமல் செய்துவிட்டாள் என்று அம்மா லாத்தாவிடம் பக்குவமாகச் சொல்லட்டும். எப்போதும்போல நான் பார்த்துக்கொள்கிறேன். அடுத்த மாத முதல் ஞாயிறு அந்தக் கடிதம் போகும். அதுவரைக்கும் நீ சும்மா இரு.

கவலைப்படாமல் சாப்பிடு.

சலேத்

*

தங்கச்சிமடம்
16.6.2025

அன்பான அக்காவுக்கு,

கடைசியில் எழுத வேண்டியதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அம்மா, அய்யா உன்னை விசாரித்தார்கள். வேளைக்கு மருந்து எடுத்துக்கொள். ஆவி பிடி. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அம்மாவுக்கு எழுதாதே.

எண்ணியது நான்தான். லாட்ஜ் வாசலில் முதலில் ஏறியது கோமதி டீச்சர். அவர் தலையைப் பார்த்து மனதுக்குள் லாபம் என்றேன். அடுத்தவரைத்தான் ஒன்று என்றேன். இருபத்தேழு என்று நான் சொன்னபோது வேனில் இருபத்தெட்டுப் பேர் இருந்தார்கள். ஜெயபால் அண்ணன் கோட்டையில் சரியாகத்தான் எண்ணியிருக்கிறார். டீச்சரைத் தேடித் திரும்பிப் போகும் வழியிலேயே எனக்கு இது விளங்கிவிட்டது. லாத்தா அவரைக் கேட்டபோது சொல்லியிருக்கலாம். பேச்சு வரவில்லை என்றுதான் இத்தனை நாள் என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அந்த மைக் எனக்கு வேண்டியிருந்தது. குகையில் வைத்து என்னைப் பார்த்து எல்லோரையும் சிரிக்கவைத்தவருக்கு நல்லா வேண்டும் என்றும் இருந்தது. பொறுப்புச் சிஸ்டரும் இதைப் படிக்கட்டும்.

உன் கடிதம் வந்ததும் முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. அக்கா பார்த்துக்கொள்வாள். இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன். மூன்றாம் நாள் வேனில் சேதுபதி கதை சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு என்மேல் எரிச்சல் வந்தது. முன்பின் தெரியாத முப்பது பேருக்கு மூன்று மணி நேரம் பேசுகிறேன், தெரிந்த ஒருவரிடம் ஒரு வார்த்தை சொல்ல உன் தபாலுக்காக ஒரு மாதம் காத்திருக்க வேண்டுமா?

வியாழக்கிழமை ஐஸ் கம்பெனிக்குப் போனேன். தடை முடியப்போவதால் மறுபடியும் வேலை தொடங்கியிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். திக்கித் திக்கித்தான் வந்தது, ஆனால் சொல்லி முடித்தேன். ஜெயபால் அண்ணன் கண்ணாடியைக் கழற்றி அதில் தெறித்திருந்த ஐஸ் தண்ணியைச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மூணு மாசம்" என்றார். "ஊருக்குள்ள கண்ணு அவிஞ்சவன்னு பேரு வாங்கிட்டேன். எம்பொண்டாட்டி இட்லி சுடுறா. நீ பஸ்ஸுல எம்பக்கத்துலயே நின்ன."

"ஆமாண்ணே."

"எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? வேலைய விட்டு நிறுத்துனவுகள்ட்டப் போயிச் சொல்லு. போ புள்ள, வேலை கெடக்கு."

திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை லாத்தா வீட்டுக்குப் போனேன். தொழுகை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் சொல்லி முடித்தேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"யாருட்டயாவது சொன்னியா?"

"ஜெயபால் அண்ணன்ட்ட."

"அல்லாவே. ஏண்டி, மூணு மாசம் வாய்க்குள்ள என்னத்த அடக்கிவச்சிருந்த? இப்ப எதுக்குத் துப்புற?" என்று தலையில் கைவைத்தார். பிறகு நிதானமாகப் பேசினார். "கேட்டுக்க. அவன் போட்டோதான் நெட்டுல கெடக்கு. அவனத் திரும்ப ஏத்துனா என் வேனுக்கு ஆள் வரமாட்டாக. ஒன்னய நிறுத்துனா வேனு நிக்கும். நீ எங்கிட்ட எதுவும் சொல்லல, நானும் எதுவும் கேக்கல. நாளைக்கு முப்பத்தொரு பேரு இருக்காக. போயித் தூங்கு."

நான் எவ்வளவோ கெஞ்சினேன். "தெரியாமச் செஞ்சதுதான, விடு" என்று சொல்லி ஒரு பை நிறையச் சமோசா கட்டிக் கொடுத்தார். மூன்று மாதம் சொல்லாமல் இருந்தது ஒரு பாரம் என்றால், சொல்லியும் சொல்லாதது போல ஆக்கிவிட்டார்களே என்பது வேறொரு பாரம். சமோசாவைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன்.

முந்தாநாள் சனிக்கிழமை. தடையின் கடைசி நாள். இராமேஸ்வரத்தில் முப்பத்தொரு பேரையும் ஏற்றினோம். நான் வழக்கம்போலக் கடைசி சீட்டுக்குப் பின்னால் போகாமல் சோணைமுத்து அண்ணன் பக்கத்தில் நின்றேன். "என்னா ஊமை, இன்னைக்கு மொகம் காட்டுற?" என்றார். பாம்பன் வந்ததும் ஐஸ் கம்பெனி முன்னால் நிறுத்தச் சொன்னேன்.

"இங்கன என்ன இருக்கு? லிஸ்ட்டுல இல்லையே. லாத்தா என்னயக் கொன்னுபுடுவாக."

"நிறுத்துங்கண்ணே. நான் சொல்லிக்கிறேன்."

நிறுத்தினார். முகங்கள் எல்லாம் என்னைப் பார்த்தன. ஒன்றைக்கூட விடாமல் நானும் பார்த்தேன். மைக்கை எடுக்கவில்லை. "மார்ச் மாசம் திருமயத்துல ஒரு டீச்சர விட்டுட்டு வந்துட்டோம்னு நெட்டுல படிச்சிருப்பீங்க. அதுல போட்டிருக்குற ஆளு தப்பு செய்யல. தப்பா எண்ணுனது நான். அவர்தான் ஒங்க கைடு. நான் போயிக் கூட்டியாறேன், கொஞ்சம் இருங்க" என்றேன். குரல் ஒடிந்து ஒடிந்துதான் வந்தது. ஒரு பெரியவர் "இதெல்லாம் எங்ககிட்ட எதுக்கும்மா, வெயிலுக்கு முன்னாடி பாலம் பாக்கணும்" என்றார். பின்னால் யாரோ "லேட்டாகுது" என்றார்கள்.

இறங்கினேன். வாசலில் படகுகளுக்கு ஐஸ் ஏற்ற வண்டிகள் வரிசையாக நின்றன. உள்ளே மெஷின் ஓடும் சத்தத்தில் பேசினால் எதுவும் கேட்காது. ஜெயபால் அண்ணன் எனக்கு முதுகு காட்டி நின்று கட்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். பத்து இருபது ஆம்பிளைகள் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். பின்னால் சோணைமுத்து அண்ணன் ஆரன் அடித்தார்.

நான் வாசற்படியில் ஏறி நின்று, ரோடு வரைக்கும் கேட்கும்படி அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.